என் விண்ணப்பத்தை எழுதியவன்

என் நண்பன் அப்பாண்டையின் மகள் பத்மா தொலைபேசியில் அழைத்தபோது மாலை ஆறரை மணி இருக்கும். "பெரியப்பா, அப்பா போய்ட்டாரு" என்றாள். நான், "சாப்டானா?" என்று கேட்டேன். சாவுச் சேதி சொல்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவள் அவனுடைய மகள். "பொழுதோட கஞ்சி குடிச்சிட்டாரு பெரியப்பா. செத்த நேரம் சாயறேன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. அவ்ளோதான்" என்றாள். அவன் சமணன். எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தும், பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய் உணவு அவன் பல்லில் பட்டதில்லை. கடைசி நாளும் அந்தக் கணக்கு தப்பவில்லை என்று கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

அவனுடைய தட்டச்சு நிலையத்தில் படித்த நீங்கள் நினைவு மலர் போடுவதாகவும், நான் எழுத வேண்டும் என்றும் சொல்லியனுப்பினீர்கள். உங்களுக்கு அவர் 'அப்பாண்டை சார்'. எனக்கு அவன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை இந்த வயதில் 'அவர்' என்று எழுதினால் அவனே எழுந்து வந்து சிரிப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் நடந்தது இது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இரண்டு பேரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். செஞ்சி பஜாரில் அவன் மாமா தானியக் கடை வைத்திருந்தார். எனக்கு வருகிற கடிதமெல்லாம் அந்தக் கடை முகவரிக்குத்தான் வரும். எங்கள் சேரிக்குள் தபால்காரர் வரமாட்டார். ஊர் முனையில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அது என் கைக்கு வருவதற்குள் இன்டர்வியூ முடிந்து வேறொருவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இப்படி ஒரு வாய்ப்பு போன பிறகு, "எங்க மாமா கட அட்ரஸ்ஸப் போடு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் அப்பாண்டை. மாமாவிடம் கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் நைனா பண்ணையில் கூலி. முதுகு வலியால் அவருக்கு ஏர் பிடிக்க முடியாமல் போன வருடம் அது. "தை பொறக்கற வரைக்கும் பாரு ஏழுமல. அதுக்கு மேல முடியாதுப்பா. பண்ணையில பேசிட்டேன், எனக்குப் பதிலா நீ போவணும்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சலாக இருந்தது. பண்ணைக்கு ஒரு முறை போனால் போனதுதான். அங்கிருந்து பேனா பிடிக்கத் திரும்பி வந்தவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அப்போது ஆடி மாதம். எனக்கு இருந்தது ஐந்து மாதக் கெடு.

அந்தப் பயத்தில்தான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். கோட்டைக்குள், ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் பழைய நெற்களஞ்சியத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் எழுதுவது வழக்கம். நல்ல குளிர்ச்சி, யாரும் விரட்டமாட்டார்கள், குரங்குகள் மட்டும் வரும். நான் எழுதியதை அப்பாண்டை வாங்கிப் படித்தான். தங்கள் பாதம் பணிகிறேன், நான் பரம ஏழை, கதியற்றவன், கருணை காட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் அழுதிருந்தேன்.

"இன்னாடா இது? வேல கேக்கறியா, பிச்ச கேக்கறியா?"

"வேற இன்னாத்த எழுதறது? எங்கிட்ட இன்னா இருக்குது?"

"நீ நவுரு" என்று சொல்லிவிட்டு அவனே ஒரு தாளை எடுத்து என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தான்: இவர் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவர். இவர் எழுதிய மனுவால்தான் அந்தத் தெருவுக்குக் கிணறு வந்தது. கூட்டல் கழித்தலில் இவருக்குத் தப்பு வராது. சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னால் வந்து நிற்பவர். இப்படி எழுதிவிட்டு, அப்புறம் 'இவர்' வந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றினான். எல்லாம் உண்மை. ஆனால் அதில் ஒரு வரியைக்கூட நானாக எழுதியிருக்க மாட்டேன்.

அவன் தன்னுடைய விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? படிப்பு, பிறந்த தேதி, ஊர். அவ்வளவுதான். கெட்டுப்போன தட்டச்சு இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி ஓட வைப்பான், அது இல்லை. மூன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுத்தான், அதுவும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. அவன் தாளைப் பிடுங்கி நான் எழுதினேன். அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை ஆயிற்று. என் விண்ணப்பத்தை அவன் எழுதுவான், அவனுடையதை நான் எழுதுவேன், அடியில் பெயரை மட்டும் அவரவர் போட்டுக்கொள்வோம். ஒருநாள் நான் பாடுபட்டு எழுதியதை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. "வுட்றா, அதுக்கும் வூட்ல நெருக்கறாங்களோ இன்னமோ" என்றான்.

அவன் போட்ட சட்டம் இன்னொன்று உண்டு. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டால் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது. "எங்க வூட்ல பொழுது சாஞ்சா சோறு கெடையாது. இந்தக் கவலயும் அப்டித்தான்டா. காலைலருந்து எவ்ளோ வேணா கவலப்படு, யாரு வேணாங்கறாங்க? பொழுதோட முடிச்சுக்கோ." ஆரம்பத்தில் நான் மீறினேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பான். பத்து நாள் அப்படி நடந்த பிறகு எனக்கும் பழகிவிட்டது. இரவில் தூக்கம் வந்தது. அந்த வருடம் நான் கிறுக்குப் பிடிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஐப்பசியில் விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு விளம்பரம் வந்தது. எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு? விண்ணப்பத்தைத் தன் கைப்பட எழுத வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. நான்தான் உரக்கப் படித்தேன், அவன்தான் கேட்டான். படித்துவிட்டு வழக்கம்போல அவன் எனக்கும் நான் அவனுக்கும் எழுதி அனுப்பினோம். எங்கள் முறை அவ்வளவு ஊறிப்போயிருந்தது. இரண்டு பேருக்குமே இன்டர்வியூ வந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பத்து வரி சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதை என் விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது நீ எழுதினது இல்லையே. யார் எழுதிக் கொடுத்தது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாண்டை என்று சொன்னால், வெளியே அடுத்த ஆளாக உட்கார்ந்திருக்கிறவனின் வாய்ப்பும் போய்விடும். வாயைத் திறக்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார். மோசடி என்றார், போலீஸ் என்றார், இனி எந்த ஆபீசிலும் நீ உள்ளே நுழைய முடியாதபடி எழுதிவிடுவேன் என்றார். அப்போது பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே அப்பாண்டை உள்ளே வந்துவிட்டான்.

"நான் எழுதனது சார் அது. என்னுத அவன் எழுதனான். பக்கத்துல வெச்சிப் பாருங்க, தெரியும்."

அதிகாரி இரண்டையும் எடுத்துப் பார்த்தார். "எதுக்கு இந்த வேலை?"

"எங்களப் பத்தி நாங்களே எழுதனா கும்புடு போட்டுத்தான் சார் எழுத வருது. இவன் என்னப் பத்தி எழுதனா நேரா எழுதறான். பொய் ஒண்ணும் இல்ல சார் அதுல. வேணும்னா விசாரிங்க."

அவர் இரண்டு தாள்களையும் முழுசாகப் படித்தார். போலீஸ் என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் போகலாம்" என்றார். வந்துவிட்டோம்.

செஞ்சி பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாயை மூடிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த வேலை அவனுக்குக் கிடைத்திருக்கும். அவனைவிட நன்றாகத் தட்டச்சு தெரிந்தவன் அங்கே யாரும் இல்லை. ஊர் நெருங்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "நீ ஏன்டா உள்ள வந்த? உனக்காவது கெடச்சிருக்கும் இல்ல?" அவன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். "பொழுது சாஞ்சிடிச்சி. நாளைக்கிப் பேசிக்கலாம்" என்றான். மறுநாளும் சரி, அப்புறம் இத்தனை வருடத்திலும் சரி, அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லவேயில்லை.

மறுநாள் காலையில் எங்கள் சேரிக்கே வந்துவிட்டான். அவன் சாதியில் ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். அம்மா தயங்கித் தயங்கிக் கூழ் கொடுத்தாள். சமணர்களுக்கு ஆகாத வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுக் குடித்தான். "நேத்து அந்த ஆளு உன் பேப்பர முழுசாப் படிச்சாரு, பாத்தியா? முன்னெல்லாம் எவன்டா முழுசாப் படிச்சான்?" என்றான். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு தாளைக் கொடுத்தான். என்னைப் பற்றி அவன் எழுதிய வாசகம். "இந்தா, இனிமே நான் சொல்றத உன் கையால எழுதணும்" என்றான். எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றிய நல்ல வார்த்தைகளை என் கையாலேயே எழுத அவ்வளவு கூச்சமாக இருந்தது. கிணறு வந்த வரியில் நிறுத்திவிட்டேன். "எழுது, எழுது. பொய்யா அது? அந்தக் கெணத்துத் தண்ணிலதான உங்கம்மா கூழு கரைச்சாங்க?" என்றான். எழுதினேன்.

மார்கழி பாதியில் ஒருநாள் மாலை, இருட்டுகிற நேரத்தில், அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தான். கையில் உறை. மூச்சு வாங்கியது. அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு குறும்பு. "பொழுது சாஞ்சிடிச்சேடா, வேலையப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன்.

"அது கவலைக்குடா. சந்தோஷத்துக்கு ஏதுடா கெடு?" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் என் கையால் எழுதிப்போட்ட விண்ணப்பத்துக்குத் திருவண்ணாமலையில் எழுத்தர் வேலை. நைனா உறையை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், திருப்பித் திருப்பிப் பார்த்தார். பண்ணைக்கு ஆள் வராது என்று சொல்ல அப்போதே கிளம்பிப் போனார்.

அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவனைப் புகழ்ந்தால் அது அவனுக்குப் பிடிக்காது. இன்னும் மூன்று வருடம் தேடினான். அவனுக்கான வாசகங்களை நான் திருவண்ணாமலையிலிருந்து எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தேன். எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான் என்றும் நினைக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் அவனைத் தேடிப் போனேன். களஞ்சியத்தில் தனியாக, கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனதும், "இப்பக் கவலப்பட்டுக்கினு இருக்கேன்டா, தொந்தரவு பண்ணாத. சாயங்காலமா வா" என்றான். சாயங்காலம் போனேன். முகம் கழுவி, சாப்பிட்டு முடித்து, பஜாரில் எனக்காக நின்றிருந்தான்.

அதற்குப் பிறகுதான் பழைய இயந்திரங்களை வாங்கி, தானே பழுது பார்த்து, பஜாரில் தட்டச்சு நிலையம் தொடங்கினான். அங்கே உங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவருக்கான விண்ணப்ப வாசகத்தை இன்னொருவர் சொல்ல, அவரவர் கையால் எழுத வைத்தான் அல்லவா? சாருக்கு ஏதோ பிடிவாதம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அது எங்கே கற்றது என்று இப்போது தெரிந்திருக்கும். உங்களில் எத்தனை பேர் அதன் பிறகு கும்பிடு போடாமல் எழுதினீர்கள் என்று அவனுக்குத் தெரியும். வேலை கிடைத்த சேதியோடு யாராவது இனிப்பு கொண்டுவந்தால், அன்று மாலையே எனக்குப் போன் செய்வான். பொழுது சாய்ந்திருந்தாலும் செய்வான்.

மலருக்காக அவன் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டபோது, அவனே எப்போதோ எழுதி வைத்திருந்த ஒரு தாளைப் பத்மா கொடுத்தாள். படிப்பு, பிறந்த தேதி, ஊர். 'தட்டச்சு நிலையம் நடத்தினார்.' அவ்வளவுதான். அறுபது வருடம் ஆகியும் அவன் திருந்தவில்லை. அந்த எரிச்சலில்தான் பேனாவை எடுத்தேன். அவன் விட்டுவிட்டதை, வழக்கம்போல, நான் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுத வேண்டியவன் அவன், அவன் முந்திக்கொண்டான்.

அன்று காலை என் வீட்டில் கூழ் குடித்துவிட்டு அவன் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. மடிப்புகள் கிழிந்து, மை பழுப்பாகிவிட்டது. எனக்கு அவன் விட்டுப்போனது அதுதான். சந்தேகம் வருகிற நாட்களில் எடுத்துப் படித்து, நான் யார் என்று தெரிந்துகொள்வேன். இதை எழுதி முடிக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. காலையிலிருந்து அழுதாயிற்று. மீதியை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், அப்பாண்டை.