ஞாயிற்றுக்கிழமை வராத மயக்கம்

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு மனிதருக்கு வாய் திறந்து சொல்லாத நன்றி நெஞ்சிலேயே கிடக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்யாணமாகி நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்தேன். இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருடம் முந்தி அது. எங்க வீட்டுக்காரர் ஒரு லோண்டரியில் இஸ்திரி போட்டார். எனக்கும் அங்கேயே பின்னறையில் வேலை கிடைத்தது. துரைமாரின் கம்பளிக் கோட்டில் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். அதனால் தகரத் தொட்டியில் பெற்றோல் ஊற்றி, ஊறவைத்து, கையாலேயே கசக்கிப் பிழிவேன். அதற்கு முன் பொத்தான்களைப் பிரித்தெடுத்து, கோட்டுக்கு ஒரு சீலைப் பையாகக் கட்டி வைக்க வேண்டும். காய்ந்ததும் கோட்டையும் பையையும் சுவரில் இருந்த பொந்து வழியாக முன்னறைக்குத் தள்ளிவிட்டு, பலகையைச் சாத்திக்கொள்வேன். அந்தப் பக்கம் இருந்த தையல்காரர் பொத்தான்களைத் திரும்பத் தைப்பார். அவர் முஸ்லிம். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் அவரை 'நானா' என்பார்கள். நான் மட்டும் அவரோடு பேசியதே இல்லை. அவ்வளவு கூச்சம்.

பின்னறை ஜன்னலைத் திறக்கவே கூடாது. முற்றத்தில்தான் கரி இஸ்திரி. ஒரு பொறி உள்ளே வந்தால் எல்லாம் போச்சு. எனக்கும் அது வசதிதான், யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யலாமே.

மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். தலை சுற்றும், மண்டை இடிக்கும், சோறு உள்ளே போகாது. கை வெள்ளை பூத்து வெடித்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பாள்.

"ஒருத்தி புளி கேப்பா, ஒருத்தி மாங்கா கேப்பா. இவளுக்குப் பெற்றோல் வாசம் கேக்குது!"

நானும் மசக்கை என்றே நம்பினேன். எப்பவோ ஒரு நாள் அந்த வாசம் எனக்குப் பிடிக்கக்கூடச் செய்தது.

ஒரு திங்கட்கிழமை பலகைக்கு அந்தப் பக்கம் நானா எங்க வீட்டுக்காரரிடம் பேசுவது கேட்டது.

"ஒங்கட பொஞ்சாதி காலையில கட்டுற பையில பொத்தான் சரியா ஈக்கிது. பகலைக்குப் பொறகு ஒரு கோட்டுப் பொத்தான் மத்தக் கோட்டுப் பையில."

"மசக்கைங்க நானா. அவளுக்கு நெனவே இல்ல."

"நேத்து மாதா கோயில்ல பூசை முடிஞ்சு மார்க்கட்டுல நல்லா நடந்து போறதக் கண்டனே. ஒங்கட வீட்டு மசக்கை ஞாயித்துக்கெழம லீவு எடுக்குமா? நான் நாலு புள்ளைக்கு வாப்பா. எங்கட வீட்டு மசக்கை பெருநாளைக்கும் லீவு எடுக்கல்ல!"

எங்க வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றுமே செய்யாது. திங்கள் பகலுக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதை யாரிடம் சொல்வது? மறுபடியும் தொட்டியில் குனிந்தேன்.

அன்று பின்னேரம் கால் இரண்டும் துவண்டது. தொட்டி விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பலகையைத் தட்டினால் நானா வருவார். கை எட்டும் தூரம்தான். அந்நிய ஆம்பிளையை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தோடேயே கண் இருட்டிவிட்டது. குழந்தை போச்சு என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

கண் விழித்தபோது முற்றத்தில் கிடந்தேன். கோட்டு வரக் காணோம் என்று நானாவே பலகையைத் தள்ளிப் பார்த்தாராம். முதலாளியிடம் அவர் போட்ட சத்தம் காதில் விழுந்தது.

"இஸ்திரிய முன்னுக்குக் கொண்டு போங்க, ஜன்னலத் தொறங்க. அதுவரைக்கும் நான் ஒரு பொத்தானும் தைக்க மாட்டன்!"

முதலாளி இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். கோட்டெல்லாம் பொத்தானில்லாமல் குவிந்ததும் இஸ்திரி மேசை முன்பக்கம் போனது, ஜன்னல் திறந்தது. பொத்தான் தைக்கும் வேலையை நானா எனக்கு விட்டுக்கொடுத்தார்; நான் முற்றத்தில் உட்கார்ந்து தைத்தேன். கண் மங்குது என்று ஒரு சாக்குச் சொன்னார். ஊசியில் நூல் கோக்க அவரைப் போல ஒருவரும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா! பெற்றோல் தொட்டிக்கு வேறொருத்தர் வந்தார். ஜன்னல் திறந்தும் அவருக்கும் தலையிடி வராமலில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படும்.

ஒரு வாரத்தில் என் தலை தெளிந்தது. மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது.

ஞானஸ்நானம் முடிந்து லோண்டரிக்குப் போனேன். வாசல் வழியாகப் போகக் கூச்சமாக இருந்தது. பின்னறைக்குப் போய், பலகையைத் தள்ளி, கோட்டு வைக்கும் இடத்தில் பிள்ளையைப் பிடித்தபடி வைத்தேன். "நானா" என்றேன். அவரை நான் முதன்முதலாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவர் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார்.

"பொத்தான் எல்லாம் சரியா ஈக்கிது" என்றார்.