சந்தேகம் தின்ற மின்சாரம்

என் மனைவி மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு பாடலின் ஒரு வரியில் இருந்தாள். பக்தியின் மிகையில் இதைச் சொல்லவில்லை. களமசேரியில் என் மகளின் ஆய்வுக்கூடத்தில், மின்சாரத்தை அளந்து காட்டும் திரையில் கண்டதைச் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் பதிகங்களும் பாசுரங்களும் பாடுகிறோம். பாடுபவர் சுரம் தவறினால் குறுக்கே பேசுவது அபசாரம். எதிரில் அமர்ந்து கேட்பவர் தம் தொடையில் ஒருமுறை தட்டுவார். பாடியவர் அந்த வரியை மறுபடி எடுப்பார். மிளகுக் கிடங்கில் எடை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நாற்பது வயதில் அந்தப் பணி வாய்த்தது. இன்றும் நானே தட்டுகிறேன்.

ஒரு பாடலின் நான்காம் வரியில், திருவடியைச் சொல்லும் இடத்தில், என் மனைவி எப்போதும் சுரத்திலிருந்து சற்று இறங்கிப் பாடுவாள். அவளுக்கு நான் தட்டியதில்லை. "ஆத்துக்காரின்னா மாத்ரம் கை எழும்பாது" என்று மடத்தில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அடுத்த சனிக்கிழமை அப்படியே இறங்குவாள்.

என் மகள் கல்லூரியில் ஆசிரியை. பாட்டில் பிழை நேர்ந்தால் சிவப்பு விளக்கை எரியவிடும் சிறு கருவி ஒன்றை அவள் உருவாக்கிக்கொண்டிருந்தாள். பொத்தான் அளவு பேட்டரியிலேயே அது பல மாதங்கள் ஓட வேண்டும். மடத்தில் பலகாலமாகச் செல்பேசியில் பதிந்திருந்த பாடல்களை வரி வரியாகப் பிரித்து என்னிடம் தந்து, ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை என்று குறிக்கச் சொன்னாள். அந்தக் குறிகளைக் கொண்டுதான் கருவியின் சிப்பில் உள்ள நியூரல் நெட்வொர்க் பழகும். பிறர் இறங்கிய இடத்திலெல்லாம் பிழை என்று குறித்தேன். மனைவியின் குரல் வந்தபோது, அதே இறக்கத்துக்குச் சரி என்று குறித்தேன். ஒருமுறை அல்ல, வந்தபோதெல்லாம்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு வியாழக்கிழமை மதியம் மகள் என்னை வரச்சொன்னாள். படகும் மெட்ரோவுமாகப் போய்ச் சேர்ந்தேன். அவள் முகம் வாடியிருந்தது.

"திங்கக்கிழமை பரிசோதனைக் குழு வரதுப்பா. கரண்ட் செலவு எல்லைக்குள்ள நிக்கலைன்னா ஆராய்ச்சியை நிறுத்திடுவா. எட்டு வருஷ வேலை."

ஆய்வுக்கூட உதவியாளர் இடக்கொச்சிக்காரர். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். "டீச்சர்கிட்ட சொல்லியாச்சு சாரே, சிப்புல யட்சி கேறியிருக்கு. ஒரே வரியிலாக்கும் இளகி ஆடறது."

மகள் எனக்குப் புரியும்படி தராசை வைத்து விளக்கினாள். அந்தச் சிப்பின் நினைவகம் தான் கற்றதை எண்களாக வைத்திருப்பதில்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாயும் என்ற அளவாக வைத்திருக்கிறது. பாட்டு உள்ளே சென்றால் பல ஓடைகள் ஓர் ஆற்றில் கூடுவதுபோல மின்னோட்டங்கள் தாமே கூடிவிடும். அதற்கு அதிகச் செலவில்லை. கூடியதை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் பேட்டரி கரைகிறது.

"நீங்க மூட்டையை எடை போடற மாதிரிதான். முதல்ல பெரிய படிக்கல்லு, அப்புறம் சின்னது, அதுக்கப்புறம் அதைவிடச் சின்னது. தட்டு ஒரேயடியாத் தாழ்ந்துடுத்துன்னா சின்னக் கல்லு எதுக்கு? என் கன்வெர்ட்டர் அங்கேயே நிறுத்திடும். எந்தப் பக்கம்னு சம்சயம் வந்தா மாத்ரம் கடைசிக் கல்லு வரைக்கும் போகும்."

பிறகு பதிவை ஓடவிட்டாள். என் மனைவியின் குரல் அந்தக் குளிரூட்டிய அறையை நிறைத்தது. மூன்று வரிகளுக்குத் திரையின் கோடு தாழ்ந்தே சென்றது. நான்காம் வரியில், திருவடி என்று அவள் இறங்கிய கணத்தில், கோடு துள்ளி எழுந்தது. அதே இடத்தில் இறங்கிய வேறொரு பெண்ணின் பதிவிலும் எழுந்தது. யார் இறங்கினாலும் அங்கே அவள் காத்திருப்பதாகத் தோன்றியது.

"என்ன காரணம்னு தெரியலைப்பா. சரின்னும் சொல்லாம தப்புன்னும் சொல்லாம நடுவுலயே நிக்கறது."

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே இறக்கத்தை ஒரு குரலில் சரி என்றும் மற்றக் குரல்களில் பிழை என்றும் நான் கற்பித்திருந்தேன். பாவம், அது எந்தப் பக்கம் சாயும்? இறைவன் முன் பொய் சொல்லாத நாவு என்று என்னைப்பற்றி ஒரு பெருமிதம் எனக்கு இருந்தது. பொய்யை விரலால் சொல்லியிருந்தேன்.

சொன்னேன். மகள் பதிவை நிறுத்தினாள். பின்பு, "அம்மா பதிவை எல்லாம் எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் கொழந்தே. அவ பாடினதுதானே. குறியை மாத்தறேன்."

வெள்ளிக்கிழமை முழுதும் உட்கார்ந்தேன். அவள் குரல் ஒவ்வொருமுறை இறங்கும்போதும் பிழை என்ற பொத்தானை அழுத்தினேன். முதல் தடவை அழுத்தியபோது பதிவு தன்னால் நின்றது. நான் ஏதோ பேச்சின் நடுவே அவளை நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், உரக்கவே. உதவியாளர் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

சிப்பை மறுபடி பழக்கினார்கள். சனிக்கிழமை காலை மனைவியின் குரலை ஓடவிட்டபோது நான்காம் வரியில் சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. கோடு எழவில்லை. அவள் அங்கே இல்லை.

"அப்பா, நீங்க ஒருதடவை நேரா பாடுங்கோ. சரியான பாட்டுக்கு விளக்கு எரியாதுன்னு குழுவுக்குக் காட்டணும்."

கண்களை மூடிப் பாடினேன். திறந்தபோது விளக்கு சிவந்திருந்தது. மறுபடி பாடினேன். மறுபடி சிவந்தது.

உதவியாளர் கம்பிகளைச் சோதிக்கக் குனிந்தார். மகள் அவரைத் தடுத்தாள். "சிப்புல ஒண்ணும் இல்லை சேட்டா." பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, நாலாவது வரியை நீங்க பாடறது அம்மா பாடற மாதிரியாக்கும். எப்போலேர்ந்து?"

எனக்குத் தெரியவில்லை. எதிரில் அமர்ந்து பிறரைக் கேட்கும் நான் பாடும்போது, தொடையில் தட்ட யாரும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை சரியாகப் பாடிக்காட்ட மடத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பிழையாகப் பாடிக்காட்டவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன்.