விளக்கு வைத்த பிறகு உறைமோர்

நாலு வருடத்துக்கு முந்தி, பாளையங்கோட்டையில் ஒரு வளவில் குடியிருந்தோம். வளவு என்றால் நடுவில் பொது முற்றம், சுற்றிலும் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் என்னை அடிப்பது மட்டும் யாருக்கும் கேட்காது. அந்த நேரம் பார்த்து எல்லார் வீட்டு டிவியும் சத்தமாகிவிடும். அவர்களை மட்டும் சொல்லி என்ன? மறுநாள் குழாயடியில் கன்னத்தைப் பார்த்து யாராவது கேட்டால், "குளியலறையில வழுக்கிட்டு" என்று நானே சிரித்துக்கொண்டு சொல்வேன்.

ஒரு நாள் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தேன். அம்மாவிடம் போனில் என்ன பேசினாய் என்று ஆரம்பித்தார். முதல் அடியில் சுவரில் போய் மோதினேன். அடுத்ததற்குக் கை ஓங்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

எதிர்வீட்டு அக்கா. கையில் ஒரு டம்ளர். "பிள்ள, பாலுக்கு உறை குத்தணும். கொஞ்சம் மோர் தாயேன்."

எனக்கே திகைப்பு. எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு மோர் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். மோரோடு வீட்டு லட்சுமியும் வெளியே போய்விடுவாளாம்.

"விளக்கு வச்ச பெறவா மோர் கேக்க வந்திய? வெவரம் இல்ல?" என்றார் அவர்.

"எனக்கு எங்க தம்பி வெவரம்?" அக்கா அசையவில்லை.

அதற்குள் பின்னால் பக்கத்து வீட்டு மைனி, கிண்ணத்தோடு. அவளுக்குப் பின்னால் கடைசி வீட்டு டீச்சர், சொம்போடு.

"என்ன, வளவு பூராவும் இன்னைக்குத்தான் உறை குத்துதியளோ?"

"ஆமா. நீங்க போடுத சத்தத்துல எல்லார் வீட்டு மோரும் புளிச்சுப் போச்சு" என்றார் டீச்சர்.

அவர் வாசலை விட்டு விலகினார். நான் அக்காவின் டம்ளரை வாங்கி மோர் ஊற்றினேன்; பாதி கீழே சிந்தியது. நீட்டினால் அக்கா டம்ளரைத் திரும்ப வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பைய வா பிள்ள. நீயே கொண்டாந்து குடு."

முற்றத்தில் இறங்கியபோதுதான் கவனித்தேன், ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை.

மறுநாள் மூன்று பேரும் என்னோடு டவுன் பஸ் ஏறி மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே பெஞ்சில் உட்கார இடமில்லை. கண் வீங்கியிருந்த ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்து, "உங்களுக்கும் குளியலறையாக்கா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது தையல் கடையில் வேலை. அம்மாவும் நானும் வேறொரு வளவில் இருக்கிறோம். பக்கத்தில் எங்காவது குரல் உயர்ந்து, பாத்திரம் உருண்டால், டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். விளக்கு வைத்த பிறகு மோர் கொடுத்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று சொன்னது சரிதான். அன்றைக்கு நான் போய்விட்டேன், அதனால்தான் இன்றைக்கு இருக்கிறேன்.