கழற்றி வைத்த மணிகள்

கூட்ஸ் வண்டிச் சத்தத்தைப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் ஒருவர்கூட நம்புவதில்லை. பசுமலையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். படுத்தால் தூங்க விடாமல் தினமும் கேட்கிற சனியனை எதற்குப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று பால்காரர் கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

சினிமாக்களுக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டுடியோ ஒன்றுக்காக வேலை செய்கிறேன். திறந்த வெளியில் ஒரு கூட்ஸ் வண்டி தூரத்திலிருந்து வந்து, கடந்து, தேய்ந்து மறைய வேண்டும், நடுவில் மனுஷ வாடையே இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான் அனுப்பிய முதல் பதிவில் ஷேர் ஆட்டோ இருந்தது. இரண்டாவதில் எவனோ ஒருவனுடைய செல்போன் பாட்டு. மூன்றாவதை அனுப்பியபோது, பின்னால் மணிச் சத்தம் கேட்கிறது, திரும்ப எடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மூன்று நாள் வெயிலில் வெந்து பிடித்ததை ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரே வரியில் தள்ளிவிட்டான்.

அந்த மணிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். திருமங்கலம் தாண்டித் தெற்கே போனால், கரிசல் காட்டுக்கு நடுவே ஓரிடத்தில் ரயில் பாதை பள்ளத்துக்குள் இறங்கி வளையும். இரண்டு பக்கமும் மேடு. மேட்டின் மேலே சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். வண்டிச் சத்தம் அந்தப் பள்ளத்துக்குள் அப்படியே திரண்டு வரும். அதைவிட நல்ல இடம் மதுரையைச் சுற்றி எனக்குக் கிடைக்கவில்லை. அங்கேதான் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது வயது இருக்கும். முப்பது ஆடு போல வைத்திருந்தாள். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்துவிட்ட இரண்டு குட்டிகள் பெருகிப் பெருகி அவ்வளவு ஆனதாம். கணவன் கேரளாவில் லாரி ஓட்டுகிறான் என்றும், அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த ஆடுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றும், நான் கேட்காமலே சொன்னாள். முன்னால் போகிற ஆறு ஆடுகளின் கழுத்தில் மணி. ஆறும் ஆறு விதமாக ஒலித்தன.

கருவேலங்காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் ஆடு கண்ணுக்குத் தெரியாது. அவள் ஆடுகளைக் காதால்தான் மேய்த்தாள். வேகன்களிலிருந்து சிந்திக் கிடக்கிற தானியத்துக்கு ஆசைப்பட்டு ஆடுகள் பள்ளத்துக்குள் இறங்கும். மண்ணிலிருந்து ஜல்லிக்குக் கால் வைத்ததும் மணியின் நடை மாறும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் ஓர் அதட்டல் போடுவாள், ஆடுகள் மேலே ஏறிவிடும். நான் இதை முதல் நாளே கவனித்தேன். காதை வைத்தே பிழைக்கிறவன், எப்படிக் கவனிக்காமல் இருப்பேன்? கவனித்துவிட்டுத்தான் அந்த மணிகளைக் கழற்றச் சொன்னேன்.

ஒரே ஒரு வண்டி போகிற வரைக்கும்தான் என்றேன். அவள் தயங்கினாள். எத்தனை நேரம் என்று கேட்டாள். கால் மணி என்று சொன்னேன், அதுவும் பொய். வண்டி எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்கவும், போகட்டும் என்று ஆறு மணியையும் அவிழ்த்துச் சோற்றுப் பைக்குள் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்தாள். இன்னொன்றும் சொல்லி வைத்தேன். வண்டி போன பிறகு இரண்டு நிமிஷம் அசையக் கூடாது, மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. சத்தம் தேய்ந்து மறைகிற அந்த வால்தான் பதிவின் உயிர். நான் கையை இறக்குகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்றேன். சரிண்ணே என்று தலையாட்டினாள்.

பதிவு தொடங்கும்போது மைக்கில் நாலு வார்த்தை பேசி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எந்த இடம், என்ன வேளை, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு எந்தப் பதிவு எது என்று குழம்பாது. அன்றைக்கும் சொன்னேன். திருமங்கலத்துக்குத் தெற்கே, பள்ளம், காலை, மேல்காற்று. அப்படியே அவளிடம் திரும்பி, மணியெல்லாம் கழட்டியாச்சா என்று கேட்டேன்.

"எல்லாம் கழட்டியாச்சுண்ணே. இப்பப் போதுமா?"

"போதும்."

ஹெட்போனை மாட்டினால் எனக்கு முன்னால் இருக்கிறது மட்டும்தான் உலகம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டீசல் இன்ஜின் காலத்தில் இரண்டு மைலுக்கு முன்பே உறுமல் கேட்கும். இப்போது எல்லாம் கரண்ட் இன்ஜின், பக்கத்தில் வரும்வரை மெத்தென்று வரும். முதலில் தண்டவாளம் மெல்ல இரைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வளைவில் திரும்பிய டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். கெடுத்தானே பாவி என்று பல்லைக் கடித்தேன். பிறகு காலி வேகன்கள் தடதடவென்று வந்தன. தொடக்கத்தில் ஏழெட்டுத் தட்டல்கள் மொத்து மொத்தென்று தனியாகக் கேட்டன. ஏதோ இரும்பு தொங்குகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி வேகன் போனதும் அவள் மேட்டு விளிம்புக்கு ஓடியது ஓரக்கண்ணில் தெரிந்தது. கீழே பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் கையைத் தூக்கினேன். வால் இன்னும் முடியவில்லை.

அவள் கத்தவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு நிமிஷமும் கையைத் தூக்கியபடியே இருந்தேன். என்னமோ நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கையை இறக்கிய பிறகுதான் அவள் தலைப்பை வெளியே எடுத்துக் கூப்பாடு போட்டுக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். ஏழு ஆடுகள் செத்துப்போயிருந்தன. ஒரு குட்டிக்கு உயிர் இருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு ஜல்லியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். பிறகு ஒயரைச் சுருட்டினேன். ரயில்வே ஆட்கள் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. அந்த இடத்தில் பதிவு செய்ய நான் யாரிடமும் அனுமதி வாங்கியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முன்னால் இருந்த பேச்சை வெட்டினேன். எப்போதும் வெட்டுவதுதான். தண்டவாளம் இரையத் தொடங்குகிற இடத்திலிருந்து வால் முடிகிற வரை ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். அருமை, இதே இடத்தில் லோடு வண்டி ஒன்றும் வேண்டும் என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போனேன். கூசாமல் போனேன்.

மேட்டில் அவளோடு அவள் கணவனின் தம்பி நின்றுகொண்டிருந்தான். பத்து நாளும் அவனே கூட வந்து காவல் நிற்கிறானாம். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். அவளோ என்னை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறாள்.

தம்பிக்காரன் மரியாதையாகத்தான் பேசினான். அன்றைக்கு அவன் ஓடி வந்து பார்த்தபோது மணி ஆறும் அவள் பைக்குள் இருந்திருக்கின்றன. சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று மணியைக் கழற்றி வைத்துவிட்டு நிழலில் படுத்திருக்கிறாள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். கேரளாவிலிருந்து அண்ணன் போனில் சொன்னது இதுதான்: தூங்கியிருந்தால் மிச்ச ஆட்டை விற்றுவிட்டு அவளை மில்லுக்கு அனுப்பு, தூங்கவில்லை என்று யாராவது ஓர் ஆள் சொன்னால் ஆடு அவளிடமே இருக்கட்டும். அந்த ஓர் ஆள் நான்.

"அண்ணே, உங்க மிசின்ல எல்லாம் இருக்கும்ல. போட்டுக் காட்டுங்கண்ணே" என்றாள். என் வாயைவிட மிஷினைத்தான் அவள் நம்பினாள்.

செல்போனில் இருந்தது வெட்டிய பதிவு. முழுசு வீட்டில் இருந்தது. நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருந்ததைப் போட்டேன். மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துக் கேட்டோம். தண்டவாளம் இரைந்தது, ஹாரன் அடித்தது, வேகன்கள் போயின, தேய்ந்தன. இரண்டு நிமிஷம் காற்று மட்டும் கேட்டது. தம்பிக்காரன் நிதானமான ஆள், கடைசி வரைக்கும் கேட்டான்.

"மதினி, ஒரு மணிச் சத்தம்கூட இல்லையே. சரி, கழட்டியாச்சு. ஆடு அடிபட்டப்ப நீங்க முழிச்சிருந்தா கத்தியிருப்பீகள்ல? ரெண்டு நிமிசமா ஒரு சத்தத்தையும் காணோம்?"

"அண்ணேதான் கத்தக் கூடாதுன்னு கையைத் தூக்குனாக. மணியைக் கழட்டச் சொன்னதும் அவுகதான். சொல்லுங்கண்ணே."

அவன் என்னைப் பார்த்தான். "நெசமா சார்?"

எனக்கு ரயில்வே போலீஸ் ஞாபகம் வந்தது, கேஸ் ஞாபகம் வந்தது, மிஷினைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று வந்தது. அவள் ஞாபகம் மட்டும் வரவில்லை. இரண்டடி தள்ளி என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ரயிலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆட்டையெல்லாம் கவனிக்கலை" என்றேன்.

அவ்வளவுதான். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன், அதுவும் மண்ணாங்கட்டிதான். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். சாபம் கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். அதுவரைக்கும் என்னை ஒரு தடவைகூட அவள் சார் என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குப் பிறகு கட்டாமலே பைக்குள் கிடந்த மணிகளை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் எதையும் பதிவு செய்யவில்லை.

முழுப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் குரல் இருக்கிறது, அவள் குரல் இருக்கிறது, மணி கழற்றின பேச்சு இருக்கிறது. திருமங்கலம் போக எனக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. போய்ப் போட்டுக் காட்டலாம். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் போய்ப் போட்டுக் காட்டவில்லை.

அந்த மேட்டுக்கு மட்டும் பிறகு ஒரு தடவை போனேன், அதுவும் லோடு வண்டிக்காகத்தான். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் விசாரித்தபோது, ஆடுகளை மொத்தமாகக் கசாப்புக்கு ஏற்றிவிட்டார்கள், அந்தப் பெண் விடியற்காலை மில் வேனில் போகிறாள் என்றார்கள். டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பள்ளத்துக்கு வந்தேன். மைக்கை நிறுத்தி, ஹெட்போனை மாட்டி, வழக்கம்போல நாலு வார்த்தை சொன்னேன்: திருமங்கலத்துக்குத் தெற்கே, பள்ளம், காலை, மேல்காற்று, ஆடு இல்லை.

வண்டி வந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை. ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது.