கண்ணாடியை மடித்து விடுங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடல் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்பதில்லை. "ஐயா, ராவைக்கு வாகனம் இஞ்ச நிண்டாப் பயமில்லையோ?" என்றுதான் கேட்பார்கள். "பயமில்லை, உள்ளுக்க விடுங்கோ" என்பேன். இதைச் சொல்ல எனக்கு யோசிக்கவே தேவையில்லை. வாய் தன்பாட்டில் சொல்லிவிடும்.

எங்கள் தெருவிலுள்ள விடுதிக்கு வாகனம் விட வளவு கிடையாது. தெருவோரம் நிறுத்தினால் விடியும்போது கதவுக் கண்ணாடி உடைந்திருக்கும், பின் சீட்டில் இருந்த பை போயிருக்கும். எங்கள் வீட்டு மதிலையும் கேற்றையும் தகரக் கொட்டகையையும் பார்த்துவிட்டு விடுதிக்காரர் என் மனைவியிடம் வந்து கேட்டார். அவள் ஓம் என்றுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டாள். வாகனங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.

நான் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களின் வாகனங்களைக்கூட வளவுக்குள் வரிசையாக விடச்சொல்லிக் கைகாட்டிக்கொண்டு நின்றேன். "மனுசன் கல்லு மாதிரி நிக்குது" என்று யாரோ ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. வேறு நாளென்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்குப் பிறகும் அப்படித்தான். சோறு சோறாக இருந்தது, கடற்காற்று காற்றாக இருந்தது, எதுவும் எனக்குள் இறங்கவில்லை.

வருகிற ஓட்டுநர்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறேன். தென்னைக்குக் கீழே விடாதீர்கள், தேங்காய் விழுந்தால் நான் பொறுப்பில்லை. சீட்டில் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காலையில் பின்னுக்கு எடுக்கமுன் இறங்கிப் பாருங்கள், மான் படுத்திருக்கும். கேற்றை ஒரு சாண் திறந்துவைத்தாலும் போதும், தெருவில் திரிகிற எங்களூர் மான்கள் உறவுக்காரரைப் போல உள்ளே வந்துவிடும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரிப்பார்கள். விடிந்ததும் அந்த மானோடு நின்று படம் எடுப்பார்கள். பாடத்தின் கடைசி வரி இது: "பக்கத்துக் கண்ணாடியை மடிச்சு விடுங்கோ. இடம் நெருக்கம்."

கொட்டகைக்குள் வழக்கமாக நிற்பது அவளுடைய ஸ்கூட்டர். வாகனம் வருகிற பின்னேரங்களில் அதை வெளியே உருட்டிவந்து, கேற்றடியில் தெருவைப் பார்த்தபடி நிறுத்துவேன். காலையில் பள்ளிக்கூடம் போகமுன் அவள் அதே இடத்தில்தான் ஒரு நிமிடம் நின்று கண்ணாடியைச் சரிபார்ப்பாள். நான் பின்னால் வீட்டு வாசலில் நிற்பேன். வலப்பக்கக் கண்ணாடிக்குள் அவள் முகம் எனக்குத் தெரியும், அவளுக்கு நான் தெரிவேன். "இன்னும் சாரத்தோட நிக்கிறியள். போய்க் குளியுங்கோ" என்று திரும்பிப் பாராமலே கத்துவாள். தெருவுக்கே கேட்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். மறுநாளும் அதே சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்பேன்.

ஸ்கூட்டரை விற்கச் சொல்லி மகள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். பார்ப்போம் என்பேன். உருட்டுவேன், துடைப்பேன், ரயருக்குக் காற்றும் அடிப்பேன். அந்தக் கண்ணாடியை மட்டும் தொடமாட்டேன். அவள் கட்டை. அவளுடைய உயரத்துக்குத் திருப்பிய கண்ணாடியில், பக்கத்தில் நின்று உருட்டுகிற எனக்கு என் சட்டைப் பொத்தான்தான் தெரியும். தெரியட்டும் என்று விட்டிருந்தேன். அலுமாரியை மகள் வந்து ஒதுக்கிவிட்டாள், சமைக்கிறேன் என்று குசினியை நானே குழப்பிவிட்டேன். அவள் கை வைத்தபடியே மிஞ்சியிருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

போன பள்ளிக்கூட விடுமுறையில் வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்குப் பிடித்த வானில் வந்தது. ஓட்டுநர் முப்பது வயதுப் பொடியன், மரியாதை தெரிந்தவன். பாடத்தை ஒப்பித்தேன். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் நின்று முழுவதையும் கேட்டான்.

காலையில் தேநீரோடு வெளியே வந்தேன். கேற்றடியில் நின்ற ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடிகளும் உள்ளே திரும்பியிருந்தன.

"பிள்ளையள் ஓடித் திரிஞ்சதுகள் ஐயா. தட்டுப்படும் எண்டு இதையும் மடிச்சு விட்டனான். நீங்கள் சொன்ன மாதிரித்தான்" என்றான் ஓட்டுநர். சந்தோசமாகச் சொன்னான்.

என்னவென்று ஏசுவது? நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவன்தான். தேநீர் கையில் சுட்டது. நீண்ட நாளுக்குப் பிறகு சூடு என்று ஒன்றை உணர்ந்தேன்.

என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். "அதுக்கென்ன ஐயா, ஒரு நிமிச வேலை" என்று வலப்பக்கக் கண்ணாடியை வெளியே திருப்பி என் உயரத்துக்கு நிமிர்த்தினான். "இப்ப வடிவாத் தெரியுதோ?"

"இது நான் ஓடுறேல்லை. என்ர மனுசின்ர."

"அப்ப அவ ஏறேக்க தன்ர அளவுக்குத் திருப்புவா தானே."

"ஓம்" என்றேன்.

வானுக்குப் பின்னால் மான் இல்லையென்று பார்த்தேன். வாங்கோ வாங்கோ என்று கைகாட்டித் தெருவில் இறக்கிவிட்டேன். பிள்ளைகள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். கேற்றைப் பூட்டினேன்.

பிறகு முதல்முறையாக அவளுடைய சீட்டில் ஏறி இருந்தேன். தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, அவளுடைய உயரத்துக்கு வர முயன்றேன். கண்ணாடியை மெல்ல மெல்லத் திருப்பினேன். முதலில் மதில் வந்தது, பிறகு தென்னை, பிறகு எங்கள் வீட்டு வாசல். வாசலில் யாரும் இல்லை. அங்கே நிற்க வேண்டியவன் சீட்டில் இருந்தேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இறங்கிப் போய் வாசலில் நின்றேன். கண்ணாடிக்குள் மதில் ஓரமும் கொஞ்ச வானமும் தெரிந்தன. திரும்பவும் வந்து ஏறினேன். கொஞ்சம் திருப்பினேன். திரும்பவும் வாசலுக்குப் போனேன். ஒருவர் சீட்டில் இருந்து பார்க்க வேண்டும், மற்றவர் வாசலில் நின்று காட்ட வேண்டும். இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை அது. அன்றைக்குத்தான் சாரத்தோடு வாசற்படியில் இருந்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதேன்.