நிற்காத லூப்பும் வாசலில் விட்ட செருப்பும்

விடுதிப் பலகையில் இதை ஒட்டுவது ஓர் உதவி கேட்டுத்தான், தோழிகளே.

இன்று கம்ப்யூட்டர் வகுப்பு. தூசி ஆகாது என்று வழக்கம்போல் செருப்பை ஏசி அறை வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனோம்.

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் முதல் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை. ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் வர வேண்டும். எங்கே நிறுத்துவது என்று எழுத மறந்துவிட்டேன்.

பச்சை எண்கள் நூறைத் தாண்டி ஓடின.

"நிறுத்துடி! கெட்டுப்போச்சுன்னா ரிப்பேருக்கு பெங்களூரு போவணும்னு சார் சொன்னாருல்ல?" என்றாள் பக்கத்திலிருந்த ஸ்டெல்லா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே ஸ்விட்ச் திரையில் இருந்தது. அணைத்தேன். இருட்டானதும்தான் எனக்கு உயிர் வந்தது.

சற்று நேரத்தில் சார் வந்தார்.

"ஏம்மா, ஸ்க்ரீன ஏன் ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று மறுபடி போட்டார்.

எண்கள் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன! நான் அணைத்தது திரையை மட்டும்தான். இருட்டுக்குள் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யாரு வேல இது?" என்று சார் திரும்புவதற்குள் இருவரும் வெளியே ஓடிவிட்டோம். விடுதிக்கு வந்து பார்த்தால் வெறுங்கால்.

நீல வார் வைத்த செருப்பு என்னுடையது. போய் எடுத்துவரத் துணிந்தவர் கீழே பெயர் எழுதுங்கள்.

அப்படியே உள்ளே எட்டிப் பார்த்து, அது எண்ணுவதை நிறுத்திவிட்டதா என்றும் சொல்லுங்கள்.