வேலிக்கு வெளியே புதைத்த பிள்ளை

திருநெல்வேலியிலிருந்து தென்காசிப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஓர் ஐப்பசி மாதக் காலையில் திருநெல்வேலி பாலம் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் உபாத்தியாயினி. தனியாகப் போய்வந்து பழகியவள்.

பத்தமடைக்குத் தெற்கே ஒரு சிறிய கிறிஸ்தவ ஊரில் என் அக்காள் ஞானப்பூவின் புருஷன் உபதேசியாராக இருந்தார்; குருவானவர் எப்போதாவதுதான் வருவார், மற்ற நாளில் கோயில் காரியங்கள் எல்லாம் இவர் பொறுப்பு. அவர்களுக்குப் பிறந்த ஆண்குழந்தை மூன்றாம் நாளே, ஞானஸ்நானம் கொடுக்குமுன், இறந்துபோயிற்று. ஒரு மாதம் கழித்து அத்தான் எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். “ஒங்கக்கா சாப்பிட மாட்டேங்கா. கோயிலுக்கும் வரமாட்டேங்கா. ஒடனே வரணும்” என்பதுதான் வந்தவர் சொன்ன சேதி.

பேட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நட்டு முடித்த வயல்களில் நீர் தளும்பி நின்றது. வேறு நாளாயிருந்தால் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டேன்.

சேரன்மகாதேவியில் இறங்கியபோது மணி பத்து. அத்தானுக்குப் பழக்கமான வண்டிக்காரர் சுடலைமுத்து காத்திருந்தார். ஊர் அங்கிருந்து நான்கு மைல். பின்பாதி வழி கன்னடியன் கால்வாயை ஒட்டியே போகிறது. செந்நிறத் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு சத்தமில்லாமல் ஓடியது.

“ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்பிடாது” என்றார் சுடலைமுத்து, திரும்பிப் பார்க்காமல். “உபதேசியார் வீட்டம்மா இந்தக் கரையில வந்து வந்து நிக்காவ. அந்தப் பச்சப்பிள்ளை நரகத்துக்குத்தான்னு, அது பொறக்க முன்னாலயே எழுதியாச்சாமே? எங்க வீட்டுப் பொம்பளைகிட்ட சொல்லி அழுதிருக்காவ.”

“அப்படி யார் சொன்னது?”

“உபதேசியாரே சொன்னாராம்.”

உலகம் உண்டாகுமுன்னே கடவுள் மோட்சத்துக்கென்று சிலரைப் பொறுக்கித் தெரிந்துகொண்டார், மற்றவர்கள் என்ன செய்தாலும் வழியில்லை என்று அத்தான் உறுதியாக நம்பினார். முன்குறித்தல் என்ற வார்த்தையை நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள்தான். அதற்குள் மூன்று நாள் பிள்ளை ஒன்று கிடக்கும் என்று நினைத்ததே இல்லை.

“கொஞ்சம் விரசா விடுங்க அண்ணாச்சி” என்றேன்.

வீடு திறந்து கிடந்தது. அடுப்பங்கரையில் வைத்த கஞ்சி ஆடை கட்டி ஆறியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. கொல்லைப்புறமாக அத்தான் ஓடிவந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

“இங்கன இருக்காளா, எஸ்தர்? காலையில இருந்து காணல.”

மூவரும் கால்வாய்க்கு ஓடினோம். படித்துறைப் பக்கத்துச் சேற்றில் வெறுங்கால் தடங்கள் தண்ணீரை நோக்கி இறங்கியிருந்தன. அத்தான் தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவு நீரில் கைகளால் துழாவினார். “கர்த்தாவே, கர்த்தாவே” என்பதற்கு மேல் அவருக்கு ஜெபம் வரவில்லை.

அப்போது மேட்டில் ஏறிப் பார்த்த சுடலைமுத்து கத்தினார்: “அம்மா! கல்லறைத் தோட்டத்துல ஆளு தெரியுது!”

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி உடைமுள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் குழந்தையை அந்த வேலிக்கு வெளியே புதைத்திருந்தார்கள். ஞானப்பூ அந்தச் சின்ன மண்மேட்டருகில் நின்று, வெறுங்கையால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை ரத்தம்.

“ஞானப்பூ, விட்டுரு” என்றார் அத்தான். “அது சபையோட ஒழுங்கு. ஆண்டவர் முன்குறிச்சத நாம மாத்த முடியாது.”

“மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. இந்த முள்ள ஆண்டவரா வெட்டிப் போட்டாரு? போன சித்திரையில நீங்கதான போட்டிய?”

“அக்கா, கையப் பாரு...” என்று நான் நெருங்கினேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

“நான் தெரிஞ்சுகொள்ளப்பட்டவள்னா எனக்கு அது வேண்டாம், எஸ்தர். எம்பிள்ளை வெளிய கிடக்கையில நான் மட்டும் உள்ள போவ மாட்டேன்.”

“அப்படிச் சொல்லாத! தேவதூஷணம்!” அத்தான் காதைப் பொத்திக்கொண்டார். மேற்கே மலைப்பக்கம் இடி உருண்டது. ஒரு கணம் அவள் வாயை மூடிவிட வேண்டுமென்றுகூட எனக்குத் தோன்றியது.

மறுபடியும் மழை கொட்டத் தொடங்கியது. அத்தான் நனைந்துகொண்டு நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: “எம்பிள்ளை எங்க இருக்குன்னு நானும் தினமும் ஜெபத்துல கேக்கேன். பதிலே வரல. பயமா இருக்கு, எஸ்தர்.”

சுடலைமுத்துவிடம் முள்ளைத் தூக்க நுனி பிளந்த கவைக்கம்பு ஒன்று வெட்டித் தரச் சொல்லி வாங்கினார். முள்ளைக் கொத்துக் கொத்தாகத் தூக்கி, அந்த மேட்டுக்கு அப்பால் வளைத்துப் போட்டார். ஞானப்பூ கையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடு வேலிக்குள் வந்தது.

“தப்பா இருந்தா என்னையக் கேக்கட்டும்” என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல். “அவளக் கேக்க வேண்டாம்.”

அடக்க ஆராதனை வாசிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலம், நான் ஊட்டிய கஞ்சியில் பாதியைக் குடித்தாள்.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் புறப்பட்டேன். ஸ்டேஷன்வரை அத்தான் வந்தார்.

“அடுத்த வாரம் குருவானவர் வாராவ. வேலிய மாத்திப் போட்டத நானே சொல்லிருவேன்” என்றார்.

“வேலை போயிருமே, அத்தான்?”

“போனாப் போவுது. என் பயம் அதுக்கு இல்ல.”

வண்டி நகர்ந்தபோது அவர் கூப்பிய கையை இறக்காமல் நின்றார்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை அடுத்த கல்லறைத் தோட்டத்துக்கு முள்வேலி கிடையாது. ஆள் உயரக் கல்மதில். பல வருஷமாக அதை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். திரும்பிய மறுநாள், மதிலின் வெளிப்பக்கத் தரையை முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். புல்லுக்கடியில், கைக்குழந்தை நீளத்துக்கு, மண் இரண்டிடத்தில் மேடாக இருந்தது.